என் தோளுக்குப் பின்னால் ஓடியவள்

அன்றைக்கு என் இடது பாதம் வீங்கியிருந்தது. பேக்கரியில் பாண் தட்டு ஒன்றை அடுப்பிலிருந்து இழுக்கும்போது கை நழுவி, அது கால்மேல் விழுந்துவிட்டது. கென்வஸ் சப்பாத்தின் கயிற்றை முழுவதுமாக உருவிவிட்டுத்தான் காலை உள்ளே நுழைக்க முடிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓட வேண்டாம் என்றிருப்பார்கள்.

கண்டி போகம்பரை மைதானத்தில் பனி முழுதாக விலகியிருக்கவில்லை. சிறைச்சாலை மதில் பக்கம் காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. முடிவுக் கோட்டில் பண்டார சேர் நின்றார். வலது கையில் நேரம் பார்க்கும் கடிகாரம், இடது கக்கத்தில் குடை. வானம் எவ்வளவு வெளுத்திருந்தாலும் அவர் குடையில்லாமல் வரமாட்டார்.

தொடக்கக் கோட்டில் நானும் என் தங்கச்சி புவனாவும். அவள் நூறு மீற்றர் ஓடுகிறவள். நான் அவளுக்கு முன்னால் ஓடுகிறவன். அதுதான் என் வேலை. கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு தெரிந்தால்தான் இந்தப் பிள்ளை முழு வேகத்தில் ஓடும் என்று சேர் கண்டுபிடித்திருந்தார். அந்த முதுகு என்னுடையது.

எங்களோடு பயிற்சி எடுக்கும் மாத்தளைப் பிள்ளை ஒருத்தி இரண்டு பலகைத் துண்டுகளைச் சேர்த்து அடித்தாள். அதுதான் எங்களுக்குத் துவக்குச் சத்தம்.

முதல் எட்டிலேயே வலி உச்சந்தலைக்கு ஏறியது. இன்றைக்கு அவள் என்னைத் தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன். காலடிச் சத்தம் பின்னால் நெருங்கியது. என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. அங்கேயே தங்கிவிட்டது.

நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். அவள் என் தோளை விட்டு முன்னால் வரவே இல்லை. கோட்டை நான்தான் முதலில் தொட்டேன்.

சேர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருமுறை உதறினார். பிறகு அதைக் காதில் வைத்துக் கேட்டார்.

புவனா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

ஒற்றையடிப் பாதை

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அந்தத் தோட்டத்தைப் பற்றி இந்தத் தொடரில் போதுமான அளவு எழுதிவிட்டேன். இப்போது அங்கே நாங்கள் நடந்த விதத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

லயத்து வரிசை வீடுகளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குத் தேயிலைக்கு நடுவே ஒரு குறுக்குப் பாதை. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். மூத்தது முன்னால், இளையது பின்னால். முன்னால் போகிறவன் கால் வைத்த இடத்தில்தான் பின்னால் வருகிறவள் கால் வைக்க வேண்டும். தாண்டிப் போனால் அம்மாவிடம் அடி விழும். பாம்பு கிடந்தால் மூத்தவன் பார்த்துக்கொள்வான் என்பது நியாயம். அட்டை விஷயத்தில் அந்த நியாயம் தலைகீழ். முன்னால் போகிறவன் அட்டைகளை எழுப்பிவிட்டுப் போவான். கடி வாங்குவது பின்னால் வருகிறவள்தான். புவனாவின் கெண்டைக்காலில் அந்தத் தழும்புகள் நிறைய இருந்தன. அதற்காக அவள் ஒருநாளும் என்னோடு சண்டை பிடித்ததில்லை.

லயத்தில் என்னைத்தான் ஓட்டக்காரன் என்பார்கள். மலையில் கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு நான் தேத்தண்ணி கொண்டு ஓடினால் போத்தலில் சூடு ஆறாது. சித்திரை வருஷப் பிறப்புக்கு நடக்கும் தோட்டத்துப் போட்டிகளில் பிளாஸ்டிக் வாளி, பேசின் எல்லாம் எங்கள் காம்பரா அறைக்குத்தான் வரும். ஆனால் அதற்கு மேலே உள்ள போட்டிகள் பள்ளிக்கூடம் வழியாகத்தான் நடக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் இல்லாதவனை யார் கூப்பிடுவார்கள்? அது ஒரு குறை என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. கண்டிக்கு வந்தேன், பேக்கரியில் சேர்ந்தேன், மாவு பிசையப் பழகினேன்.

புவனா பள்ளிக்கூடத்துக்காக ஓடினாள். வலயம், மாவட்டம் என்று ஜெயித்துக்கொண்டே போனாள். அப்படி ஒரு போட்டியில்தான் பண்டார சேர் அவளைக் கண்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பென்ஷன் எடுத்த பிறகும் வீட்டில் இருக்க முடியாமல், தானாகவே பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு புவனா கண்டி கட்டுக்கலையில் எங்கள் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மைதானத்துக்குப் போவதென்றால் அண்ணனும் கூடவே போக வேண்டும்.

அதனால் பேக்கரி வேலை முடிந்த கையோடு போய் மைதானத்தில் நிற்பேன். கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் நிற்பேன். சேர் சில நாள் பார்த்தார். ஒருநாள் நேரே வந்து, நிற்க வந்தாயா ஓட வந்தாயா மல்லி என்று சிங்களத்தில் கேட்டார். மல்லி என்றால் தம்பி. நான் குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் குடையை நீட்டித் தொடக்கக் கோட்டைக் காட்டினார்.

நான் போய் நின்றேன். அன்றைக்குத் தொடங்கியது.

பாணும் ஈஸ்ட்டும்

பயிற்சி முடிந்தால் சேர் எங்கள் பேக்கரிக்கு வந்து பிளேன்டீ குடிப்பார். முதலாளி சலீம் நானா, அலவத்துகொடைக்காரர். இரண்டு பேருக்கும் ஒரே வயது இருக்கும். சந்தித்தால் சண்டைதான்.

தூரம் ஓடுகிறவனை நான் உண்டாக்கிவிடுவேன், நூறு மீற்றர் ஓடுகிறவனைத் தாய்தான் உண்டாக்க வேண்டும், நான் தூசியைத் துடைத்துவிடுவேன், அவ்வளவுதான் என்பார் சேர். நானாவுக்கு அது பிடிக்காது. அவர் தலையில் பாண் கூடை சுமந்து வீடுவீடாக விற்று மேலே வந்தவர். பிறப்பிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் அவருக்குக் கோபம் வரும்.

“சேர், பாண் பொங்குறது ஈஸ்ட்டாலயா, பெசையிற கையாலயா? செல்லுங்க பாப்பம்.”

ஈஸ்ட் இல்லாமல் விடிய விடியப் பிசைந்தாலும் அது ரொட்டிதான் நானா என்று சேர் சிரிப்பார்.

“ஈஸ்ட்ட மட்டும் மேசையில வெச்சிட்டு பாத்துக்கொண்டு ஈந்தா பாண் வந்திருமா?”

பிறகு இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏனென்றால் இரண்டு கட்சிக்கும் சாட்சி நான்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரே சோறு, ஒரே மைதானம், ஒரே பயிற்சி. அவள் வேகம் மாதத்துக்கு மாதம் கூடியது. என் வேகம் நின்ற இடத்திலேயே நின்றது. இதற்கு மேலே என்ன அத்தாட்சி வேண்டும் என்பார் சேர். இவன் ராவு முழுக்க அடுப்பு முன்னால் வெந்துவிட்டு வந்து ஓடுகிறான், இவனை நித்திரை கொள்ளவிட்டுப் பாருங்கள் என்பார் நானா.

சொன்னதோடு நானா நிற்கவில்லை. விவாதத்தில் ஜெயிப்பதற்காக என்னை ராத்திரி வேலையிலிருந்து எடுத்துவிட்டார். பகலில் முன்கடையில் நின்று விற்கச் சொன்னார். காலையில் முட்டை, மத்தியானம் கோழி சூப். எந்த முதலாளி தன் வேலையாளை இப்படி வளர்த்திருப்பார்?

வேகம் கொஞ்சம் கூடத்தான் செய்தது. ஆனால் அதே மாதத்தில் அவளுக்கு அதைவிடக் கூடியது. எனக்கோ முன்கடை நரகமாக இருந்தது. ஆட்கள் வந்து மாலுபாண் இருக்கிறதா என்று கேட்பார்கள், அந்த மீன்பாண் கண்முன்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், எனக்கு ஆம் என்று சொல்லக் குரல் வராது. தலையை ஆட்டுவேன். இல்லை என்று நினைத்துப் போய்விடுவார்கள். வியாபாரம் விழுந்தது. என்னை அடுப்புக்கே அனுப்பிவிடுங்கள் என்று நானாவின் மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பினேன்.

நானா தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மாதம் போதாது என்றார்.

வெள்ளைக் கை

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பொடியன் விடியற்காலையில் கண்டித் தெருவில் ஓடினால் அது ஓட்டப் பயிற்சியாக யாருக்கும் தெரியாது.

ஒருநாள் பிந்திவிட்டது என்று பேக்கரியிலிருந்து மைதானத்துக்கு ஓடினேன். புவனாவும் வழியில் சேர்ந்துகொண்டு பின்னால் வந்தாள். வாவி வளைவில் பொலிஸ்காரர்கள் மறித்தார்கள். அரைக் காற்சட்டையில் அடையாள அட்டை இல்லை. இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளைத் தூள். வெடிமருந்தோ என்று ஒருவர் என் கையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். எனக்குத் தமிழும் மறந்துவிட்டது, சிங்களமும் மறந்துவிட்டது.

புவனாதான் பேசினாள். அண்ணன், பேக்கரி, கோதுமை மா, பண்டார சேர் ஏசுவார் என்று பயமில்லாமல் சிங்களத்தில் அடுக்கினாள். அவர்களில் மூத்தவருக்குச் சேரைத் தெரிந்திருந்தது. முகம் தளர்ந்தது. உங்கள் இரண்டு பேரில் யார் வேகம் என்று சும்மா கேட்டார்.

“அண்ணன்தான்” என்றாள் புவனா.

போகச் சொன்னார்கள். நாங்கள் ஓடினோம், நான் முன்னால், அவள் பின்னால். நடந்ததைக் கேட்டுச் சேர் மறுநாள் தன்னுடைய பழைய விளையாட்டுக் கழகத்துப் பனியனை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் என்னை மறிக்கவில்லை.

நின்றுபோன வேகம்

அந்த வருஷம் பெரஹரா திருவிழா நாட்களில் பயிற்சி இல்லை. புவனா தோட்டத்துக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வந்தாள். வந்தபோது ஆள் கொஞ்சம் வளர்ந்திருந்தாள். இனிமேல் பாருங்கள் என்றார் சேர்.

ஆனால் அதற்குப் பிறகுதான் அவளுடைய வேகம் நின்றது. ஒவ்வொரு நாளும் என் தோளுக்குப் பின்னால் வந்து முடிப்பாள். ஒரு மயிரிழைகூட முன்னேற்றம் இல்லை. சேர் உணவை மாற்றினார், ஓய்வை மாற்றினார், தொடங்கும் விதத்தை மாற்றினார். தனியாக ஓடவிட்டால் இன்னும் மெதுவாக ஓடினாள்.

இதற்கிடையில் மாத்தளைப் பிள்ளை கிழமைக்குக் கிழமை வேகம் கூடிக்கொண்டு வந்தாள். கொழும்பில் நடக்கும் தேசியத் தெரிவுக்குச் சேர் நூறு மீற்றருக்கு ஒரு பிள்ளையைத்தான் கொண்டுபோகலாம்.

என் கால் வீங்குவதற்கு இரண்டொரு நாள் முன்பு சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் ஓடவிட்டு முடிவு செய்யப்போகிறேன் என்றார். நங்கிக்கு, அதாவது தங்கச்சிக்கு, பிறக்கும்போது கொடுத்தது இவ்வளவுதான்போல என்று சொல்லிவிட்டுத் தன் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சியிடம் சொல்லாதே, பயந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார். கொழும்புக்கு எடுத்தால் சரி, இல்லாவிட்டால் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகத் தேவையில்லை, தோட்டத்தில் பேர் பதிந்துவிடலாம் என்று. பேர் பதிந்தால் மறுநாள் முதல் கொழுந்துக் கூடைதான். அம்மா காலமெல்லாம் சுமந்த கூடை அது. அதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் பேர் பதிந்தபிறகு மலையை விட்டு இறங்கி ஓட்டத்துக்கு வந்த பெண்ணை நான் கண்டதில்லை.

நான் இன்னும் வேகமாக ஓடினால் அவளும் வேகமாக ஓடுவாள் என்று நினைத்தேன். உயிரைக் கொடுத்து ஓடிப் பார்த்தேன். முடியவில்லை. அப்படி இருக்கும்போதுதான் பாண் தட்டு என் காலில் விழுந்தது.

வாவிக் கரையில்

சேர் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்ட அந்தக் காலையில், நாங்கள் இரண்டு பேரும் வாவிக் கரையால் நடந்து திரும்பினோம். அவள் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“நான் இன்னிக்கு நொண்டினேன் புவனா.”

“தெரியும்ண்ணே.”

“தெரிஞ்சும் ஏன் முந்தல?”

“மொதல்ல வாங்க, காலுக்கு மருந்து பாப்போம்.”

“எத்தன நாளா இப்பிடிச் செய்ற?”

யாரோ பாண் துண்டு போட, தண்ணீருக்குள் மீன்கள் கூடி அடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பெரஹரா முடிஞ்சு வந்ததுல இருந்து. ஒரு நாளு முந்திருவேன்னு தெரிஞ்சு போச்சு. பயமா இருந்துச்சு. காலப் புடிச்சுக்கிட்டேன்.”

ஏன் என்று கேட்டேன்.

“நான் முந்திட்டா சேர் ஒங்கள வரவேணாம்னு சொல்லிருவாரு. அவருக்கு வேண்டியது முதுகுதானே. பின்னால போயிட்ட முதுகு அவருக்கு எதுக்கு?”

“வரவேணாம்னா இருந்துட்டுப் போறேன். எனக்கென்ன?”

“ஒங்களுக்கு என்னான்னு எனக்குத் தெரியும்ண்ணே. கடையில நீங்க யாரோடயும் பேசுறதில்ல. சித்தி வீட்டுக்கு வந்தாலும் மூலையில ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிருவீங்க. இங்க வந்தாத்தான் சிரிக்கிறீங்க. ஓடி முடிச்சதும் ஒங்க மூஞ்சி எப்பிடி இருக்கும்னு நீங்க பாத்ததில்ல. நான் தெனமும் பாக்குறேன்.”

என் முகத்தை ஒருவர் தினமும் பார்க்கிறார் என்பதே எனக்குப் புதிய செய்தி.

அவள் இன்னொன்றும் சொன்னாள். கொழும்புக்குப் போனதும் அங்கே முழு வேகத்தில் ஓடிக்கொள்ளலாம் என்றிருந்தாளாம். வேகம் எங்கே போகப்போகிறது, காலில்தானே இருக்கிறது என்று நினைத்தாளாம். பெட்டிக்குள் பட்டுச் சேலையை எடுத்துவைப்பதுபோல வேகத்தையும் எடுத்துவைக்கலாம் என்று நம்பியிருக்கிறாள்.

சேர் சொல்லக்கூடாது என்றதை அப்போது சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி, மாத்தளைப் பிள்ளையைப் பற்றி. அவள் வாவிக் கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்துகிறாயா என்று கேட்டேன். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

“நீங்க சேர்ட்ட கேளுங்க. தோத்தாலும் ஓட வரலாமான்னு ஒங்க வாயால கேளுங்க. அவரு சரின்னு சொன்னா முந்துறேன். இல்லாட்டி பேர் பதியப் போறேன்.”

பிடிவாதக்காரி. சொன்னால் செய்வாள்.

வாயால் கேட்பது

படித்தவர்களுக்கு இது ஒரு சிறிய விஷயமாகத் தெரியும். அதுவரை என் வாழ்க்கையில் எனக்கென்று நான் யாரிடமும் நேரே நின்று எதையும் கேட்டதில்லை; அடுப்புக்குத் திரும்பக் கேட்டதுகூட நானாவின் மனைவியின் வாயால்தான். பசித்தாலும் கேட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்வேன். வேலை கேட்டுப் பேக்கரிக்கு வந்தபோதுகூட மாமா ஒருவர்தான் பேசினார், நான் அவர் பின்னால் நின்றேன்.

சனிக்கிழமை சேர் வழக்கம்போல பிளேன்டீக்கு வந்தார். சிங்கள வசனத்தை இரவு முழுக்க மாவோடு சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தேன். தட்டை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். வசனம் மறந்துவிட்டது. திரும்பி உள்ளே போனேன். மறுபடி வந்தேன். மறுபடி போனேன்.

நானா மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“என்ன மகன், அந்த மனுசனச் சுத்தி தவாபா செய்ற?”

ஹஜ்ஜுக்குப் போனவர்கள் கஃபாவைச் சுற்றி வருவதைத்தான் அப்படிக் கேலி செய்தார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சேரும் நிமிர்ந்து பார்த்தார். இனி ஓட இடமில்லை. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன். நான் நங்கியிடம் தோற்றுப்போனாலும் மைதானத்துக்கு ஓட வரலாமா சேர் என்று.

சேர் கோப்பையைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். சப்பாத்துக் கயிறு கட்டாத என் காலைப் பார்த்தார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அதையும் பார்த்தார்.

“அப்படியானால் கடிகாரம் பழுதில்லை” என்றார் மெதுவாக.

ஒரு வார்த்தையும் மிச்சமில்லாமல் அவருக்கு விளங்கிவிட்டது. அவரே நானாவுக்கும் விளக்கினார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கடைசியில் சேர் என்னிடம் சொன்னதை அவர் குரலோடு அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

“தோற்றவர்களை எல்லாம் அனுப்புவதென்றால் அந்த மைதானத்தில் முதலில் நான் நிற்க முடியாது மல்லி. எனக்கு இரண்டாம் இடத்துக்கு மேலே ஒருநாளும் கிடைத்ததில்லை. நீ வா. உன் கால் ஓடும்வரைக்கும் வா.”

நானா தன் கோப்பையையும் எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்து, இப்போது இதற்கு என்ன பெயர் வைக்கிறது சேர் என்று கேட்டார். “இது ஈஸ்ட்டும் இல்ல, கையும் இல்ல.” சேர் கோப்பையை மறுபடி கையில் எடுத்தார். இரண்டு பேரும் சண்டை பிடிக்காமல் தேத்தண்ணி குடித்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புவனா கொழும்புக்குப் போனாள், தெரிவானாள். சில வருஷம் நாட்டுக்காக, கோல் மாற்றி ஓடும் அஞ்சலோட்டம் ஓடினாள், விமானத்தில் ஏறி வெளிநாட்டு மைதானங்களைப் பார்த்துவிட்டு வந்தாள். இப்போது பேராதனைப் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறாள், பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு ஆசிரியை. மாத்தளைப் பிள்ளை அடுத்த வருஷம் இருநூறு மீற்றருக்குத் தெரிவானாள். நான் கல்யாணம் முடிக்கும்வரை சேரின் பிள்ளைகளோடு ஓடினேன். ஒருநாளும் யாரும் என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

சேரும் நானாவும் இன்று இல்லை. உழைப்பா பிறப்பா என்ற அவர்களுடைய சண்டையைத் தீர்த்துவைக்க நான் ஆளில்லை. அவளுக்குக் கொடுக்கப்பட்டது எனக்குக் கொடுக்கப்படவில்லை, அதில் எனக்குச் சந்தேகமும் இல்லை, வருத்தமும் இல்லை. நான் பிழிந்து பிழிந்து ஓடியும் வராத வேகத்தை அவள் காலைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தாள். என்னோடு பிறந்தவளுக்கு அது கிடைத்ததே என்று சாமிக்கு நன்றி சொல்கிறேன். அவள் அதை எனக்காக இழக்கவும் துணிந்தாள் என்பதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் காலில் வீக்கம் வற்றியிருந்தது. துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். தொடக்கக் கோட்டில் மூன்று பேர். நடுவில் நான், ஒரு பக்கம் மாத்தளைப் பிள்ளை, மறுபக்கம் புவனா. சேர் சொன்னாரா என்று அவள் கண்ணால் கேட்டாள். தலையை ஆட்டினேன். நான் தலையை ஆட்டினால் ஆம் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தமுறை வேறொரு பிள்ளை பலகையை அடித்தாள்.

நான் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் ஓடினேன். தோற்பதென்றாலும் உண்மையாகத் தோற்க வேண்டும். காலடிச் சத்தம் பின்னால் வந்தது. தோளுக்கு வந்தது. பழக்கத்தால் ஒரு கணம் அங்கே தங்கியது.

“போ” என்றேன்.

காற்று ஒன்று என் பக்கவாட்டில் அடித்தது. அதுவரைக்கும் என் தங்கச்சி முழு வேகத்தில் ஓடி நான் பார்த்ததே இல்லை. ஊரெல்லாம் பார்த்திருந்தது, நான் மட்டும் எப்போதும் அவளுக்கு முன்னால் இருந்தேன். இப்போது பார்த்தேன். பின்னல் முதுகில் படாமல் நேராகப் பறந்தது. தோள்கள் அசையவில்லை. கால்கள் நிலத்தை மிதித்ததாகவே தெரியவில்லை, நிலம்தான் அவளைத் தூக்கித் தூக்கி முன்னால் விட்டுக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டே நான் அவளை வேடிக்கை பார்த்தேன். என் காலும் என்னை மீறிக்கொண்டு ஓடியது.

நான் கோட்டைக் கடந்தபோது அவள் ஏற்கெனவே திரும்பி நின்றிருந்தாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மாத்தளைப் பிள்ளையும் வந்து சேர்ந்தாள். சேர் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து புவனாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குடை கீழே கிடந்தது.

அவள் போகவில்லை. நேரே என்னிடம் வந்து, குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் நேரம் என்னவென்று கேட்கப் போனாள்.